வலது கை மட்டும்

வளவன் பேஸ்பால் ஆடுகிறான் என்று சொன்னால், அடி அண்ணாமலையில் பாதிப் பேர் கிரிக்கெட்டைத்தான் ஏதோ ஸ்டைலாகச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். மீதிப் பேருக்கு அது வேலைவெட்டி இல்லாதவன் ஆட்டம். அவனுடைய அம்மா ரேணுகாம்பாள் இரண்டையும் நம்பினாள். அந்த வீட்டில் ஆட்டத்தை முழுசாகத் தெரிந்தவள் அவன் மனைவி ஓவியா ஒருத்திதான்.

கல்லூரியில் அவள் கணக்குப் பிரிவு. அணிக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று மூன்றாம் வருஷத்தில் யாரோ அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். முதல் நாளே அவள் கண்ணில் பட்டவன் வளவன். ஒரு ஆட்டத்துக்குள்ளேயே ஒருமுறை இடது கைக்காரனாகவும், அடுத்தமுறை வலது கைக்காரனாகவும் நின்று பேட் பிடித்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு மைதானத்து மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். பந்து எறிகிறவன் பிட்சர். அடிக்கிறவன் பக்கத்தில் தரையில் பதித்த வெள்ளைப் பலகை பிளேட். வலது கை பிட்சர் எறியும் கர்வ், அதாவது வளைபந்து, வலது கையில் ஆடுகிறவனை விட்டு விலகி ஓடும். அதே பந்து இடது கையில் ஆடுகிறவனுக்கு உள்ளே வரும், அடிக்க வசதி. இடது கை பிட்சர் என்றால் எல்லாம் தலைகீழ். அதனால் வருகிறவன் எந்தக் கையோ, அதற்கு எதிர்க் கையில் நின்றுகொள்வான். மாவட்டத்தில் வேறு யாருக்கும் இது வராது. பிறவியில் அவன் வலது கைக்காரன்தான். பதினைந்து வயதில் பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தினம் இருநூறு தடவை இடது கையில் அடித்துப் பழகினானாம். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்ததை அவன் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ரேணுகாம்பாள் சொன்னாள்.

அந்தக் கோட்டைப் பார்த்த அன்றைக்கே ஓவியா தனக்கென்று ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, எதிரணி, எந்தக் கையில் ஆடினான், என்ன ஆனது. ஆறு வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் எழுதிவந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவலூர்பேட்டை ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்து வளவனுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. தோள் சேர்ந்தது, ஆட்டம் சேரவில்லை. இடது கையில் ஆடும்போது அந்த வலது தோள்தான் முன்னால் வந்து பேட்டை இழுக்க வேண்டும். பேட் பாதி வழியில் தயங்கியது. நோட்டில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. விழுந்ததற்குப் பிறகு இடது கையில் நூற்று அறுபத்தெட்டு முறை ஆடி முப்பத்தொரு முறைதான் சரியாக அடித்திருந்தான். வலது கையில் அறுபத்தாறு முறை ஆடியதில் இருபத்து நான்கு. நூற்றுக்குப் பதினெட்டு, நூற்றுக்கு முப்பத்தாறு. ஊரில் பிட்சர்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்கள் என்பதால், அவன் ஆடியது எல்லாம் அந்தப் பதினெட்டில்தான்.

ஓவியா ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வளவன் சன்னதித் தெரு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்தான். இருபத்தேழு வயது முடியப்போகிறது. மாநில சீனியர் அணியில் ஒரே ஒருமுறை தேசியப் போட்டிக்குப் போய் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அவனோடு ஆடிய இரண்டு பேர் அப்படிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வருஷம் வடக்கு மாவட்டங்களுக்கான தேர்வு திருவண்ணாமலையிலேயே நடக்கும் என்று சேதி வந்தது. இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணுகாம்பாள் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு காரியத்துக்குப் போயிருந்தாள். மாமியார் எதிரில் அவனை 'வாங்க, போங்க' என்பவள், தனியாக இருந்தால் கல்லூரிப் பழக்கத்தில் வா, போ என்றுதான் பேசுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பக்கத்தில் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இடது கைய விட்டுடு வளவா. யார் போட்டாலும் வலது கையிலயே ஆடு. கணக்குப் பாரு, டபுளு."

அவன் நோட்டைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "வலது கைக்காரன் போடற கர்வ், வலது கையில நின்னா எப்படி வரும் தெரியுமா? முதுகுக்குப் பின்னால இருந்து வர்ற மாதிரி இருக்கும். மேல பட்டுரும்னு உடம்பு ஒதுங்கும். அதுக்குள்ள அது வளைஞ்சு பிளேட் மேல போயிடும். பதினஞ்சு வயசுலேர்ந்து நான் அந்தப் பந்தப் பாத்ததே இல்ல."

"பழகிக்கலாம்."

"மூணு வாரத்துலயா?"

அவள் விடவில்லை. பதினெட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு அது ஒரு சாக்கு என்று சொன்னாள். ரெண்டு கை வளவன் என்று ஊர் கூப்பிடுகிற பேரை விட மனசில்லை, அவ்வளவுதான் என்றும் சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டான். சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தபோது வாங்கிக் குடித்தான். ஒரு கோபமும் காட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவள் நேராக விமல்ராஜ் சாரைப் பார்க்கப் போனாள். விமல்ராஜ் மாவட்ட அணியின் கோச், தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருவர். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் அணியில் ஒருவனைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெருமையாகிவிட்டது. அமெரிக்காவிலேயே தடுமாறுகிற ஆட்டக்காரர்கள் ஒரு கையை விட்டுவிட்டு ஒரே கையில் ஆடித் தேறியிருக்கிறார்கள் என்று போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டினார். தேறாதவர்களும் இருந்திருப்பார்கள். அதை அவர் தேடவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நீங்க சொன்னதா சொல்லலம்மா. நானே சொல்ற மாதிரி சொல்லிடறேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மனசு லேசாக இருந்தது. அவன் நன்மைக்குத்தான் செய்கிறோம் என்ற நினைப்பு அதில் பாதி. கடைசியில் தான் சொன்னதுதான் நடக்கப்போகிறது என்ற நினைப்பு மீதி. எந்தப் பாதி பெரிது என்று அவள் அப்போது எடை போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் வளவன் வந்து, சார் இனிமேல் வலது கை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார் என்றான். மாட்டேன் என்றால் தேர்வுக்கே பேர் அனுப்ப மாட்டாராம். "உனக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று மட்டும் சொன்னான். அதில் சந்தேகம் இருந்ததா, சும்மா சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரம் அவன் பாலாஜியை வைத்துப் பழகினான். பாலாஜி அணியின் வலது கை பிட்சர், கல்லூரி நாளிலிருந்து கூட்டாளி. விடிந்தும் விடியாததுமாகப் போய், லாட்ஜுக்கு நேரமாகும்வரை நூறு பந்து, நூற்றைம்பது பந்து. முதல் வாரம் பேட்டில் ஒன்றும் படவில்லை. இரண்டாவது வாரம் பட ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் வேலிவரைக்கும் அடித்தான். ஒரு சனிக்கிழமை ஓவியாவும் போய்ப் பார்த்தாள். பத்துக்கு நாலு அடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் நாற்பது என்று எழுதிக்கொண்டாள். பாலாஜி ஸ்நேகிதனுக்காகப் பந்தை மெதுவாக வளைக்கிறான் என்பது, எறிந்தவனுக்கும் அடித்தவனுக்கும் தெரிந்திருந்தது.

தேர்வுத் தேதி போட்டவர்கள் சென்னைக்காரர்கள். பௌர்ணமி பார்க்காமல் போட்டுவிட்டார்கள். லாட்ஜ் மேனேஜர் கையை விரித்துவிட்டார். பௌர்ணமிக்கு ரூம் கேட்டு ஜனம் வாசலில் நிற்கும்போது ரிசப்ஷன்காரனுக்கு லீவா, வேண்டுமானால் கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார். வளவன் முடித்துக்கொண்டு வந்துவிட்டான். ரேணுகாம்பாள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஓவியா அவன் பக்கம் நின்று, இந்த ஒரு நாளைக்காகத்தானே அத்தை இத்தனை வருஷம் என்று சொன்னாள்.

அன்றைக்குக் காலையிலேயே ஊர் நிரம்பிவிட்டது. வெளியூர்ப் பையன்கள் வந்த வேனைப் பைபாஸிலேயே நிறுத்திவிட்டதால், பேட்டும் பையுமாக நடந்து கல்லூரி மைதானத்துக்கு வந்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்தது. வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட்டம். ஒவ்வொருவருக்கும் நான்கு முறை பேட். ஓவியா சிமெண்டுப் படியில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரே பிட்சர் சென்னைப் பையன். உயரம், வலது கை. பத்தொன்பது வயசுகூட இருக்காது. வளவன் வலது கையில் போய் நின்றான். முதல் பந்து நேராக வந்தது, வீசினான், படவில்லை. இரண்டாவது பட்டுப் பின்னால் போனது. மூன்றாவது பந்து அந்தப் பையன் கையை விட்டபோது நேராக வளவன் தோளைப் பார்த்து வந்தது. வளவன் குனிந்து, ஒதுங்கி, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பந்து காற்றில் வளைந்து பிளேட்டின் நடுமேலே போய் கேட்சர் கையில் விழுந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட் என்றார் அம்பயர். படியில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். தனக்கு வராத பந்துக்குக் குனிந்தவனைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஓவியாவுக்குத் தலைக்குள் ஏதோ விண்ணென்று தெறித்தது.

மடியிலிருந்த நோட்டைப் பிரித்தாள். வலது கையில் ஆடிய அறுபத்தாறையும் விரலை வைத்துக்கொண்டே பார்த்தாள். ஒவ்வொன்றிலும் எதிரணி பேர் இருந்தது. அந்த அணியில் யார் பந்து போட்டான் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். எல்லாரும் இடது கை பிட்சர்கள். அறுபத்தாறும். வேறு எப்படி இருக்கும், இடது கைக்காரன் வந்தால்தானே அவன் வலது கையில் நின்றான். பிட்சர் எந்தக் கை என்பதற்கு அவள் தனியாக ஒரு கட்டம் போட்டதே இல்லை. எப்போதும் எதிர்க் கைதானே, எழுதுவானேன் என்று விட்டிருந்தாள். வலது கை பிட்சரிடம் வலது கையில் ஆடினால் நூற்றுக்கு எத்தனை என்று அவள் நோட்டுக்குத் தெரியாது. ஒரு பந்துகூட அதில் இல்லை. பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்துகிறவள் அவள். அவன் சோறு தின்றுகொண்டே சொன்னதும் இதைத்தான். பதினைந்து வயதிலிருந்து அந்தப் பந்தைப் பார்த்ததே இல்லை என்று சொன்னானே.

இரண்டாவது முறையும் அவுட். மூன்றாவது முறை உருட்டிவிட்டு ஓடி, பாதி வழியிலேயே அவுட். நான்காவது முறை வந்தபோது வளவன் ஒரு நிமிஷம் நின்றான். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, பிளேட்டைச் சுற்றி மறுபக்கம் போய், இடது கையில் பேட்டைப் பிடித்தான். ஓவியா தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள்.

"டேய் வளவா" என்று விமல்ராஜ் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். வலது கைக்கு மாறு என்பதுபோல விரலை இந்தப் பக்கம் ஆட்டினார்.

அவன் சார் பேச்சைக் கேட்கக்கூடாது, அப்படியே நிற்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு உருக்கமாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை. வளவன் பேட்டைத் தாழ்த்தினான். திரும்ப நடந்து வந்து வலது கையில் நின்றான். மூன்று பந்தையும் அடிக்காமலேயே பார்த்துவிட்டு, அம்பயர் சொல்வதற்கு முன்பே நடக்க ஆரம்பித்தான்.

பதினெட்டுப் பேர் பட்டியலை ஒரு மணிக்கு வாசித்தார்கள். அவன் பேர் இல்லை. சென்னையிலிருந்து வந்த மூத்த தேர்வாளர் கோதண்டராமன் நல்ல மனுஷன். வளவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஓவியா தண்ணீர் பாட்டிலோடு இரண்டடி தள்ளி நின்றாள்.

"ரெண்டு கையிலயும் ஆடறவன்னு உன் பேரு வந்தது தம்பி. எங்ககிட்ட அந்த மாதிரி ஒருத்தன் கிடையாது. நீ சுமாரா ஆடியிருந்தாக்கூட எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். வலது கை மட்டும்னா ஏழு பேர் இருக்காங்களே."

அதைக் கேட்ட விமல்ராஜுக்கு முகம் மாறிவிட்டது. தன் மேல் பழி விழுகிறது என்று பயந்த மனுஷன், யோசிக்காமல் வாயை விட்டார். "நானா சொல்லல சார். இவன் வீட்டுக்காரம்மாதான் நோட்டு போட்டு வச்சு, கொண்டுவந்து காட்டினாங்க. அத நம்பித்தான் மாத்தினேன்."

வளவன் திரும்பி ஓவியாவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். யாரோ தெரியாதவர் பேரைச் சொல்லக் கேட்டதுபோலப் பார்த்தான். பிறகு கோதண்டராமனைக் கும்பிட்டுவிட்டுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

செங்கம் ரோடு முனையிலேயே போலீஸ்காரர்கள் வண்டியைத் தடுத்துவிட்டார்கள். கிரிவலப் பாதையில் அன்றைக்கு வண்டி விடமாட்டார்கள். தெரிந்த ஒரு கடையில் வண்டியைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். முன்னாலும் பின்னாலும் ஜனம். செருப்பில்லாமல் கால் சுடச்சுட நடந்தவர்கள் நடுவே, ஷூ போட்டுக்கொண்டு பேட் தூக்கிக்கொண்டு நடந்தவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியா ஓரடி பின்னாலேயே வந்தாள். ரொம்ப தூரம் வந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"உங்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ கேக்கல."

"கேட்டேன்" என்றான் அவன், நடந்துகொண்டே. "முடியாதுன்னு சொன்னேன். அதான் என் பதிலு. அதுக்கு மேல நீ போய் இன்னொருத்தன்கிட்ட வேற பதில் வாங்கின."

"உன் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான். யாரு இல்லன்னா?" என்றான். குரல் உயரவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அரோகரா சொல்லிக்கொண்டு போனது. அவர்கள் தாண்டும்வரை பொறுத்திருந்தான். "நின்னது நான். அந்தப் பந்து எப்படி வருதுன்னு நான் சொல்றேன், நீ பொய்யின்ற. நோட்டு சொன்னா நெசம்."

அந்த நோட்டில் என்ன விட்டுப்போனது என்று அவனிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. தப்பு என்னுடையதுதான், கணக்கே தப்பு என்று ஒத்துக்கொண்டால் பாரம் குறையும். யாருடைய பாரம் என்று நினைத்ததும் அதைச் சொல்லாமலே நடந்தாள். வீட்டு வாசலில் ரேணுகாம்பாள் அடுக்குப் பானையில் நீர்மோர் வைத்துக் கிரிவலக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் மோரை நீட்டினாள். வளவன் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனான். ஓவியா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மோர் கேட்டு வந்தவர்களுக்குச் சில்லறை கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

லாட்ஜில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான். இரண்டு மாசம் சும்மா இருந்துவிட்டு, வளவன் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டின பிறகு வீடு. சம்பளத்தை அம்மாவிடமும் இவளிடமும் பிரித்துக் கொடுத்தான். பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தான். ஒரு நாளும் பழசை எடுத்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அம்மா இல்லாதபோதும் அவன் அவளிடம் அம்மா எதிரில் பேசுகிற மாதிரியே பேசினான். தேவைக்கு ஒரு வார்த்தை, பதிலுக்கு ஒரு வார்த்தை. அவளும் தனியாக இருக்கும்போதுகூட வா, போ என்று கூப்பிட வாய் வராமல், 'வாங்க' என்று மாறிப்போனாள். கணவன் மனைவி இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று ரேணுகாம்பாள் பக்கத்து வீட்டில் சொன்னாளாம்.

ஓவியா தனக்குள் அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இடது கையிலேயே ஆட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூற்றுக்குப் பதினெட்டு அடிக்கிறவன், நான்கு முறையில் ஒன்றுகூட அடிக்காமல் போகவும் கிட்டத்தட்டப் பாதி வாய்ப்பு உண்டு. அடிக்காவிட்டாலும் ரெண்டு கைக்காரன் என்று அந்தப் பெரியவர் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எந்தப் பக்கமும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை வைத்துக்கொண்டு தன்னை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. தோற்றிருந்தால்கூட அவன் தோல்வி அவனுடையதாக இருந்திருக்கும். அதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாஜி வந்தான். போளூர் அணியோடு சும்மா ஒரு ஆட்டம், ஆள் கம்மியாக இருக்கிறது, வா என்றான். வரமாட்டான் என்றுதான் ஓவியா நினைத்தாள். வளவன் பரண்மேலிருந்து ஷூவை எடுத்துத் தூசி தட்டினான். நானும் வரட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேணாம். வெயில் ஜாஸ்தி" என்றான். தை மாசத்தில்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தான். முகம் கறுத்து, கையெல்லாம் புழுதியாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் நடையில் ஒரு தளர்வு இருந்தது, களைப்பில் வருகிற நல்ல தளர்வு. கிணற்றடியில் கைகால் கழுவினான். அவள் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெயிச்சீங்களா என்று கேட்டதற்கு, ஜெயிச்சோம் என்றான். எந்தக் கையில் ஆடினான் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அவனுக்குப் பொய் வராது. அவள் கேட்கவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசியைக் களைய உள்ளே போனாள்.